அண்ணி சுற்றிய கம்பி

அந்த இயந்திரத்தை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது வெளிச்சம்தான். மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் சாய்ந்து மேசை மேல் விழும். மேசையின் ஒரு முனையில் செம்புக் கம்பி சுற்றிய உருளை. மறுமுனையில் மொச்சைக் கொட்டை அளவே உள்ள ஒரு சின்னக் கட்டை சுழன்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே போகும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. வெயில் படாதபோது அது இருப்பதே தெரியாது. பட்டால் மட்டும் காற்றில் யாரோ பொன்னால் ஒரு கோடு இழுத்தது போல மினுங்கும். ஒரு கணம் மினுங்கி, மறைந்து, மறுபடி மினுங்கும். அந்தக் கோட்டைக் கண் கொட்டாமல் பார்த்தபடி, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருப்பார் என் அண்ணி.

அறுபதுகளின் கடைசி. மூக்கண்டப்பள்ளியில் அப்போது வீடுகள் தள்ளித் தள்ளித்தான் இருந்தன. நடுவில் கேழ்வரகுக் காடு, பாறை, யூக்கலிப்டஸ் மரங்கள். காலையில் பனி இறங்கினால் எதிர்வீடு தெரியாது. நான் ஓசூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அண்ணன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். விடிந்ததும் பஸ் ஏறி மைசூர் மாநிலத்துக்குள் போய், சாயங்காலம் எண்ணெய் வாசனையோடு திரும்பி வருவார். வந்து காபி குடித்ததும் முன்னறை மூலையில் இருந்த மேசைக்குப் போய்விடுவார். பழைய ரேடியோக்களைப் பிரிப்பதும், சோப்புப் பெட்டிக்குள் டிரான்சிஸ்டர் பூட்டிப் பாட வைப்பதும் அவருக்குப் பொழுதுபோக்கு. ஈயம் உருகும் புகை வீட்டில் சாம்பிராணி மாதிரி எப்போதும் ஒரு ஓரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நன்றாகக் காது கேட்டது. மாதா கோயில் பாடற்குழுவில் பாடியவர். வயிற்றில் பையன் இருந்த மாதங்களில் காது மங்கத் தொடங்கியது. முதலில் தூரத்துச் சத்தங்கள் போயின, பிறகு பக்கத்துப் பேச்சு. குழந்தை பிறந்து முதல் அழுகை அழுதபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணி எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அது அழுகிறது என்று தெரிந்துகொண்டார். அதற்குப் பின் அவர் மிக மெதுவாகப் பேசுபவராக மாறிப்போனார். காது கேட்காதவர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணியோ என்னிடம், "எம் பேச்சு எனக்குத் தலைக்குள்ள பெருசா கேக்குது பாப்பா, வெளிய இருக்கிறதுதான் ஒண்ணியும் கேக்கல" என்பார். நாங்கள் பேசுவதை எங்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சமையலறையில் அவர் முதுகு காட்டி நின்றால், உலகத்துக்கே முதுகு காட்டி நிற்பது போல இருக்கும்.

பையன் இதை எப்படிப் புரிந்துகொண்டான் என்று எனக்கு இன்றும் வியப்பு. பேச்சு வந்த வயதிலேயே, அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துத் திருப்புவான். முகம் திரும்பியதும் வாயை மட்டும் அசைப்பான். சத்தம் வராது. எங்களிடம் ஊரைக் கூட்டும் குரலில் பேசுகிறவன், அம்மாவிடம் மட்டும் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவான். அண்ணியும் தலையாட்டிச் சிரிப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்குத்தான் காது அடைத்துவிட்டதோ என்று தோன்றும்.

அவனுக்கு மூன்று வயது நடக்கும்போது அது நடந்தது. வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு குழைக்க வெட்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. விளையாடிக்கொண்டிருந்தவன் அதில் சறுக்கி விழுந்துவிட்டான். இரண்டு ஆள் தூரத்தில் அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், முதுகைக் காட்டியபடி. பையன் கழுத்து வரை தண்ணீரில் நின்று அலறியிருக்கிறான். சாலையில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு போன ஒருவர் தெலுங்கில் கத்திக்கொண்டே ஓடிவந்து தூக்கினார். ஈரம் சொட்டச் சொட்டக் குழந்தையைக் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் நிறுத்தியபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த சாம்பல் நார் அப்படியே இருந்தது. அன்று முழுக்க அவர் அந்த நாரைக் கீழே வைக்கவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

எங்கள் அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் பயந்துபோனார். குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலை ஓரம் கடை வைத்திருந்த எங்கள் பெரியம்மாவுக்குக் குழந்தைகள் கிடையாது. "பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் அங்க இருக்கட்டும். நாலு பேரு பாத்துக்குவாங்க. இங்க என்னா கூப்பிட்டாலும் யாருக்குக் கேக்குது?" என்றார் அம்மா. பெரியம்மாவும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வந்து அழைத்துப் போவதாக முடிவாயிற்று. இந்தப் பேச்செல்லாம் அண்ணியின் எதிரில்தான் நடந்தது. அவர் ஒவ்வொருவர் உதடாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்த பிறகு அண்ணனிடம் மட்டும் சொன்னார்: "என்னங்க, அனுப்பிடாதீங்க." அவ்வளவுதான். அண்ணன் வெளியே போய் யூக்கலிப்டஸ் மரத்தடியில் வெகுநேரம் நின்றிருந்தார்.

மறு வாரம் அண்ணியைப் பெங்களூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நானும் போயிருந்தேன். டாக்டர் இரண்டு கிளை உள்ள ஓர் எஃகுக் கம்பியைத் தட்டி அண்ணியின் காதருகே பிடித்தார். அண்ணி இல்லையென்று தலையசைத்தார். அதையே காதுக்குப் பின்னால் மேடாக இருக்கும் எலும்பில் வைத்து அழுத்தினார். அண்ணியின் கண்கள் அகன்றன. கை தானாகவே டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, எடுத்துவிடாதே என்பது போல. நரம்பு உயிரோடு இருக்கிறது, போகிற பாதைதான் அடைத்துக்கொண்டிருக்கிறது, எலும்பு வழியாகக் கேட்க வைக்கும் கருவி வெளிநாட்டில் உண்டு, வரவழைத்தால் எப்போது வந்து சேருமென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தார். அத்திப்பள்ளி தாண்டும்போது என் பக்கம் திரும்பி, "பாப்பா, காது போனோட தகட்டை எலும்பு மேல அழுத்தினா அதுவும் அதிருமில்ல?" என்றார். அப்போதே அவர் மனதில் அது ஓடத் தொடங்கிவிட்டது.

ஞாயிறு தோறும் பெங்களூரில் கூடும் பழைய சாமான் சந்தையில், ராணுவத்தார் கழித்துப்போட்ட காது போன் ஒன்று கிடைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே கம்பிச்சுருள் கருகிப் போயிருந்தது. புதிதாகச் சுற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், தளராமல், அறுந்துபோகாமல். அண்ணன் முதலில் கையாலேயே சுற்றிப் பார்த்தார். அரம் பிடித்துச் சொரசொரத்துப்போன விரல்கள். கம்பி தோலில் மாட்டி அறுந்துகொண்டே இருந்தது. "கையால ஆகாது, மிஷின் ஒண்ணு பண்ணணும்" என்றார். தவக்காலம் தொடங்கியிருந்தது. வீட்டில் கறி மீன் கிடையாது. அந்த நாட்களின் நினைவில் பருப்புக் குழம்பு வாசனையும் மரத்தூள் வாசனையும் ஒன்றாகக் கலந்திருக்கிறது.

பேக்கிங் பெட்டியின் பலகையை அறுத்து அடிப்பலகை செய்தார். துருப்பிடித்த கைத் துளைப்பான் ஒன்றைப் படுக்க வைத்து அதில் முடுக்கினார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் பெரிய பற்சக்கரம் சின்னச் சக்கரத்தைப் பல சுற்று ஓட்டும். துளையிடும் அலகு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புக் குச்சி, குச்சியில் அந்தச் சின்னக் கட்டை. சைக்கிளில் தூரம் காட்டும் பழைய மீட்டரை எங்கிருந்தோ பிடித்துவந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தட்டுகிற மாதிரி பொருத்தினார். கம்பி இறுக்கமாக வர இரண்டு கம்பளித் துண்டுகளின் நடுவே அதை ஓட்டினார். திடீரென்று இழுபட்டால் அறுந்துவிடாமல் விட்டுக்கொடுக்க ஒரு பேனா ஸ்பிரிங்கை வைத்தார். கடைசியில் கம்பியை நேராகக் கொண்டுபோய்க் கொடுக்க வழவழப்பான ஒரு துளை வேண்டியிருந்தது. எந்த உலோகமும் கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டியது. அண்ணன் யோசித்துவிட்டு அம்மாவிடம் போய் நின்றார்.

"அறுந்துபோன செபமாலை ஒண்ணு வச்சிருந்தீங்களே, கண்ணாடி மணி. அதுல ஒண்ணு குடுங்கம்மா."

"செபமாலை உனக்கு வெளையாட்டுச் சாமானா?"

"வெளையாட்டு இல்லம்மா."

அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மாதா படத்துக்குக் கீழே இருந்த தகர டப்பாவைத் திறந்து ஒரு நீல மணியை எடுத்து, சிலுவை போட்டு, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

இயந்திரம் முடிந்தும் கம்பி அறுந்தது. அண்ணன் கைப்பிடியை வேகமாகச் சுற்றுவார். நான் சுற்றினால் நடுவில் நினைவு எங்கோ போய், சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒரு நாள் சாயங்காலம், மறுபடி அறுந்து அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அண்ணி வந்தார். "தள்ளுங்க, நான் சுத்தறேன். எனக்குத்தான வேணும்" என்றார். உட்கார்ந்தார். அவருக்கு வேறு சத்தம் எதுவும் இல்லாததாலோ என்னவோ, கவனம் எங்கும் சிதறவில்லை. தெருவில் நாய் குரைத்தாலும், அடுப்பில் பால் பொங்கினாலும் அவர் கை ஒரே கதியில் போயிற்று. கண்ணைக் கம்பியிலிருந்து எடுக்க முடியாததால் எங்கள் உதடுகளைப் பார்க்க முடியாது. அதனால் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். நிறுத்த வேண்டுமென்றால் மேசையை விரலால் ஒரு தட்டு, மெதுவாக என்றால் இரண்டு தட்டு. மேசை மேல் ஊன்றியிருந்த முழங்கையில் அண்ணிக்கு அது தெரிந்துவிடும். பல சாயங்காலங்கள் அப்படிப் போயின. பையன் மேசைக்கடியில் கம்பித் துணுக்குகளை மோதிரமாக வளைத்துக்கொண்டு கிடப்பான். வெயில் சரியும். பொன் கோடு மினுங்கும். கனவில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் அண்ணன் இன்னும் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அண்ணி குனிந்து, முகவாயை இயந்திரத்தின் மரச்சட்டத்தில் ஊன்றியபடி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கட்டையில் கம்பி இல்லை. வெறும் சக்கரம்தான் ஓடியது. கண்கள் மூடியிருந்தன. கன்னத்தில் நீர் வழிந்து மரத்தில் இறங்கியது. நான் பதறிப்போய் அவர் தோளைத் தொட்டேன்.

"கேக்குது பாப்பா," என்றார் கண்ணைத் திறக்காமல். "கிர்ர்னு கேக்குது. களைச்சுப்போயி முகவாயை வச்சேன், உள்ள வந்துடுச்சு. ரெண்டு மூணு நாளாவே கேக்குது. சொன்னா நின்னுடுமோன்னு பயந்துகிட்டு சொல்லல."

நானும் மறுபக்கம் குனிந்து முகவாயை வைத்தேன். அவர் சுற்றினார். பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடிக்கும் சத்தம் பல்லுக்குள் ஏறித் தலை முழுக்க நிறைந்தது. இரண்டு பெண்கள் எதிரெதிரே முகவாயை மரத்தில் ஊன்றிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தபடி அம்மா வாசலில் நின்றிருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் அந்த மேசைப் பக்கம் போகும்போது அது அதிர்ந்துவிடாதபடி காலைப் பார்த்து வைத்தார்.

சுருள் முடிந்தது. முதலில் சுற்றியது உள்ளே எங்கோ அறுந்திருந்ததால் அதைப் பிரித்தெறிந்துவிட்டு மறுபடி சுற்றினார் அண்ணி. முகம் சுளிக்கவில்லை. பழைய தொலைபேசி ஒன்றின் வாய்ப்பகுதியை மைக்காக்கி, டிரான்சிஸ்டர்களும் பேட்டரியும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்க, காது போனின் தகட்டில் ஒரு பித்தான் ஒட்டி, அந்தப் பித்தான் எலும்பில் அழுந்தும்படி எஃகுப் பட்டையை வளைத்து அண்ணன் எல்லாவற்றையும் பூட்டி முடித்தது குருத்தோலை ஞாயிறன்று. பூசை முடிந்து வந்திருந்தோம். பையன் கையில் குருத்தோலைச் சிலுவை. மதியச் சாப்பாடுகூட யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்து, பட்டையைத் தலையில் மாட்டி, காதுக்குப் பின்னால் பித்தானைச் சரிசெய்தார் அண்ணன். விசையைத் திருப்பினார். அண்ணி, "மழை தூரத்துல பெய்யுற மாதிரி உஸ்ஸுனு இருக்குது" என்றார்.

அண்ணன் பேசவில்லை. முதல் சத்தம் பையனுடையதாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். மைக்கை அவன் வாயருகே பிடித்து, "அம்மாவக் கூப்பிடுடா" என்று காதோடு சொன்னார். பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை நன்றாகத் திறந்தான். அண்ணி காத்திருந்தார். பிறகு அண்ணனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அண்ணன் விசையை இன்னும் திருப்பினார். பையன் மறுபடி வாயைத் திறந்தான். அண்ணி மறுபடி தலையை அசைத்தார். அண்ணன் விசையை அணைத்தார். டப்பாவைத் திறந்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். அம்மா மாதா படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் காதிலும் ஒன்றும் விழவில்லையே! அவன் வழக்கம் போல வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இயந்திரத்துல கோளாறு இல்ல. இவன் சத்தமே போடல," என்றேன்.

அண்ணன் அவன் முன்னால் மண்டியிட்டார். "வாயால மட்டும் இல்ல ராசா. சத்தமாக் கூப்பிடு."

விசையைத் திருப்பி மைக்கை நீட்டினார். பையன் அவரை விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு ஊரைக் கூட்டும் அவனுடைய சொந்தக் குரலில் சொன்னான்: "அம்மாவுக்குத்தான் காது கேக்காதேப்பா!"

அண்ணியின் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கேக்குதுடா," என்றார் அண்ணி. மெதுவாக, அவருடைய மெதுவான குரலில். "கேக்குதுடா என் சாமி. இன்னொரு தடவை சொல்லு." பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் பின்னால் சுற்றி ஓடி, முகம் தெரியாத இடத்தில் நின்று, சந்தேகத்தோடு "அம்மா" என்றான். அண்ணி திரும்பினார். அவன் இந்தப் பக்கம் ஓடிவந்து "அம்மா" என்றான். இந்தப் பக்கம் திரும்பினார். அப்படியே அறையைச் சுற்றிச் சுற்றி ஓடினான், கூவிக்கொண்டே, குருத்தோலை கையிலிருந்து எங்கோ விழுந்துபோனது தெரியாமல். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஈஸ்டர் முடிந்து பெரியம்மா சொன்னபடி வந்தார். குழந்தைக்குப் புதுச் சட்டை, மிட்டாய், மர வண்டி. அவருக்கும் ஆசை இருந்தது, பாவம். வந்த மறுநாள் சமையலறையில் அவரும் அண்ணியும் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் பக்கம் பையன் "அம்மா, முள்ளு!" என்று சிணுங்கினான். பெரியம்மா கத்தியை வைப்பதற்குள் அண்ணி எழுந்து போய்விட்டார், இடுப்பில் பிஸ்கட் டப்பா ஆட, தோளில் கம்பி தொங்க. பெரியம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் அவரிடம் சொன்னார்: "அக்கா, புள்ள இங்கியே இருக்கட்டும்." பெரியம்மா தலையாட்டினார். மிட்டாயையும் வண்டியையும் விட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் தனியாகத் திரும்பிப் போனார். பஸ் புறப்படும்போது முகத்தை எங்களிடமிருந்து திருப்பி வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடை முழுக்க அண்ணி மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொருளிடமும் போனார். தாளிக்கும் கடுகிடம், கோழியிடம், அண்ணன் தூங்கும்போது அவர் மார்பிடம். உத்தனப்பள்ளியில் அண்ணியின் தோழி ஒருத்தி இருந்தார். அவர்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். ஒரு மத்தியானம் பையனையும் அழைத்துக்கொண்டு நாங்கள் அங்கே போனோம். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே இருட்டான குளிர்ந்த அறையில் மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக, நிறைய முசுக்கொட்டை இலையும் புழுவும். நமக்குக் காதை வைத்துக் கேட்டால்தான் புழு இலை தின்னும் மெல்லிய சரசரப்புத் தெரியும். அண்ணி ஒரு தட்டின் மேல் மைக்கை நீட்டி விசையைத் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகம் மெல்ல மெல்ல இளகியது.

"என்னாம்மா கேக்குது?" என்றான் பையன்.

"மழை," என்றார் அண்ணி. "நல்ல மழை."

பையன் வெளியே ஓடினான். வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து, "மழையே இல்லம்மா" என்றான்.

அண்ணி அவனைத் தன் மடியில் இழுத்துக்கொண்டு, தலையிலிருந்த பட்டையைக் கழற்றி அவனுடைய சின்னத் தலையில் மாட்டினார். காதுக்குப் பின்னால் அந்தப் பித்தானை விரலால் அழுத்திப் பிடித்தார். பையனின் வாய் மெதுவாகத் திறந்தது.

அந்தத் தோழி வீடும் முசுக்கொட்டைத் தோட்டமும் இருந்த பக்கம் இப்போது தொழிற்சாலைகளின் சுற்றுச்சுவர்கள். பகலும் இரவும் லாரிகள். என் பள்ளிக்கூடம் மூன்று மாடி ஆகிவிட்டது. பையன் வளர்ந்து, அவனுக்கே நரை விழுந்துவிட்டது. அண்ணி போய்ச் சில வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் கண்ணுக்கே தெரியாத அளவில் ஒரு கருவி அவருக்கு வந்துவிட்டிருந்தது. எந்த டப்பாவும் இல்லை, கம்பியும் இல்லை. ராயக்கோட்டை சாலையில் பஸ்ஸில் போகும்போது, அந்தச் சுவர்களைத் தாண்டுகிற சில நிமிஷம், எத்தனை இரைச்சல் இருந்தாலும், நான் கண்ணை மூடிக்கொள்வேன். இருட்டான அறை, பச்சை இலை வாசனை, தலையோடு தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் அம்மாவும் பிள்ளையும். வெளியே நல்ல வெயில் அடிக்கும்.